வாத்துகள் நின்ற இடம்

டமார்!

ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. அடுப்புக்கு மேலே ஆணியில் மாட்டியிருந்த பித்தளைச் சட்டி கழன்று விழுந்து, தரை ஓடுகளின் மேல் சுழன்று சுழன்று நின்றது. ஹில்லா மோர்க் கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். பீரங்கி இல்லை. ஸ்பெயின்காரர்களின் பீரங்கிச் சத்தம் ஓய்ந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. இது லெக் ஆற்றில் பனிப்பாளம் உடைகிற சத்தம்.

அடுத்த நிமிஷமே கோயில் மணி அடிக்கத் தொடங்கியது.

எங்கள் ஊரில் சாவுக்கு ஒரு மாதிரி, கல்யாணத்துக்கு ஒரு மாதிரி, தீப்பிடித்தால் ஒரு மாதிரி மணி அடிப்பார்கள். மூச்சே விடாமல் அடித்தால் ஆறு என்று அர்த்தம். அந்த மணியைக் கேட்டால் பால் கறக்கிறவன் பாதியில் எழுந்திருப்பான், ஜெபத்தில் இருக்கிறவன் ஆமென் சொல்லாமலே ஓடுவான்.

பின்கதவைத் தள்ளிக்கொண்டு வோல்கெர்ட் உள்ளே வந்தான். ஹில்லாவின் கணவன். கரைக் கண்காணிகளில் ஒருவன். ஆற்றங்கரை எங்கே சரிகிறது, யார் வீட்டு மாடு எங்கே மிதித்துப் பள்ளம் போட்டிருக்கிறது என்று பார்த்து ஊருக்குச் சொல்வது அவன் பொறுப்பு. முழங்கால் வரை சேறு அப்பியிருந்தது.

"என்னங்க, பனி அடைச்சுக்கிச்சா?"

"கீழ் வளைவுல. மேலேருந்து மிதந்து வர்றதெல்லாம் அங்கே ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்துடுச்சு. தண்ணி போக வழி இல்ல."

"எவ்வளவு ஏறியிருக்கு?"

"படகுத்துறைப் படி ஒண்ணு கூடக் கண்ணுக்குத் தெரியல." அவன் மூலையில் இருந்த இன்னொரு மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டான்.

ஹில்லா சுவர் அலமாரிக்குள் இருந்த படுக்கையைத் திரும்பிப் பார்த்தாள். கதவு திறந்திருந்தது. உள்ளே இறகுப் போர்வைக்கு அடியில் பார்ச்சே கிடந்தாள். ஐந்து வயது. நாலைந்து நாளாகக் காய்ச்சல். கன்னம் இரண்டும் அடுப்பில் காட்டிய மாதிரி சிவந்திருந்தன.

"நான் இவளைத் தூக்கிட்டுக் கோயில் மேட்டுக்குப் போயிடவா?"

"இந்தப் பனிமூட்டத்துலயா? நெஞ்சுல சளி கட்டிக்கிட்டா அப்புறம் வெள்ளமே தேவையில்ல, ஹில்லா. நம்ம பங்கு எப்படிப்பட்டதுன்னு ஊருக்கே தெரியும். நான் எங்கேயும் போகல. பின்னாடியேதான் இருப்பேன்."

பங்கு என்று அவன் சொன்னது கரையை. எங்கள் ஊரில் கரை ஒரே கரைதான், ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. அவரவர் பங்கை அவரவர்தான் மண் போட்டுக் காக்க வேண்டும். முடியாதவன் தன் மண்வெட்டியைக் கரையில் நட்டுவிட்டு, உடுத்த துணியோடு ஊரைவிட்டுப் போக வேண்டியதுதான். யார் அந்த மண்வெட்டியைப் பிடுங்குகிறானோ அவனுக்கு நிலம், வீடு, மாடு, கரை எல்லாம் சொந்தம். வோல்கெர்ட்டின் அப்பா இந்த வீட்டை அப்படித்தான் அடைந்தார். யாரோ ஒருவன் நட்டுவிட்டுப் போன மண்வெட்டியைப் பிடுங்கி. அந்தக் குடும்பம் வண்டியில் ஏறிப் போனதைச் சின்னப் பையனாக வேலி ஓரம் நின்று பார்த்ததை வோல்கெர்ட் ஒரே ஒரு தரம் சொல்லியிருக்கிறான்.

வாசல் பக்கம் தடதடவென்று மரச்செருப்புச் சத்தம். பக்கத்து வீட்டு ஃபெம்மே, இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, பாவாடையைப் பிடித்தபடி ஒன்று என்று தன் பிள்ளைகளோடு உள்ளே நுழைந்தாள்.

"ஹில்லாக்கா, இதுங்களை உங்க பரண்ல ஏத்திடறேன். எங்க பங்கு மேல எனக்கு நம்பிக்கையே இல்ல. என் வீட்டுக்காரர் மண்ணு போட்ட லட்சணம்தான் ஊருக்கே தெரியுமே. உங்களுது இரும்பு."

"இங்கே வேணாம்!" என்று கத்தினான் வோல்கெர்ட்.

எல்லோரும் திகைத்தார்கள். கைக்குழந்தை அழ ஆரம்பித்தது.

"கோயிலுக்குப் போ, ஃபெம்மே. மேடு அதுதான். போ, போ!"

"என்ன கண்காணி ஐயா, எங்க புள்ளைங்க காலு பட்டா தரை அழுக்காயிடுமா? உங்க வீட்டம்மா தரை கழுவற தண்ணிக்கே பாதி ஆறு காலி ஆயிருக்கணுமே, இன்னும் எப்படி நிறைஞ்சு நிக்குது?"

வழக்கமாக இந்த மாதிரிப் பேச்சுக்கு வோல்கெர்ட் பதிலுக்கு ஒன்று சொல்லிச் சிரிப்பான். இன்று சிரிக்கவில்லை. கதவைப் பிடித்துத் திறந்து நின்றான். ஃபெம்மே அவன் முகத்தைப் பார்த்தாள். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அவனும் பின்கதவு வழியாகப் போனான். கதவு சாத்தியதும் வீட்டுக்குள் மணிச் சத்தம் மட்டும் இருந்தது.

ஊரார் பிள்ளைகளுக்குக் கோயில் மேடு. என் பிள்ளைக்கு இந்த வீடு. ஏன்? காய்ச்சல், குளிர், அவர் சொல்வது நியாயம்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு ஹில்லா படுக்கையின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

அங்கே உட்கார்ந்தால் எதிர்ச்சுவரில் அந்தப் படம் தெரியும். அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

போன இலையுதிர் காலத்தில் வோல்கெர்ட் அதை வாங்கி வந்தான். வரைந்தவன் கில்லிஸ். படகுத்துறையில் பீர்க்கடை வைத்திருப்பவன். கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் மாடியறையில் ஆற்றை வரைந்து தள்ளுவான், சந்தையில் கொண்டுபோய் விற்பான். படத்தில் முக்கால்வாசி வானம். கீழே ஈயத்தகடு மாதிரி அசையாத ஆறு. பாய் தொங்கிப்போன ஒரு படகு. தண்ணீரில் வயிறு வரை இறங்கி நிற்கும் மாடுகள். தூரத்தில் புகை மாதிரி ஒரு கோபுரம். இடது பக்கம் கரை. கரைக்கு உள்பக்கம் ஊர்ப் புல்வெளி, அதில் ஒரு காற்றாலை, ஆலையின் காலடியில் வெள்ளை வாத்துகள். எல்லாமே பழுப்பும் சாம்பலுமாக, ஒரு மாலை நேரத்து வெளிச்சத்தில் மயங்கிக் கிடந்தன.

வந்தவர்கள் எல்லோரும் புகழ்ந்தார்கள். "பார்த்தாலே மனசு அடங்குது" என்றார் போதகர். "எனக்குத் தூக்கமே வருது" என்றாள் ஃபெம்மே.

ஹில்லாவுக்கு மட்டும் அதைப் பார்த்தால் தூக்கம் போய்விடும். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த அமைதியில் ஏதோ ஒன்று சரியில்லை. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நிற்கிற மாதிரி ஓர் அமைதி. ஒரு தரம் பொறுக்கமுடியாமல் படத்தின் மேல் துணியைப் போட்டு மூடினாள். வோல்கெர்ட் திட்டுவான் என்று பயந்தாள். அவனோ, "நல்லதாப் போச்சு. அப்படியே இருக்கட்டும்" என்றான். ஆசையாக வாங்கின படத்தை மூடினால் எந்த மனுஷனாவது சந்தோஷப்படுவானா? போதகர் வந்து கேட்ட பிறகுதான் துணியை எடுத்தாள்.

"அம்மா." பார்ச்சே கண்ணைத் திறந்திருந்தாள்.

"என்னடா கண்ணு? தண்ணி வேணுமா?"

"மாட்டுக்கெல்லாம் தாகமா இருக்கும்மா."

"எந்த மாட்டுக்கு?"

குழந்தை படத்தைக் காட்டினாள். "எல்லாம் ஆத்துக்குள்ள போயி நிக்குது பாரு. ரொம்ப வெயிலு. வாத்து மட்டும் ஆத்துக்குப் போகல. இங்கேயே குளிக்குது."

"வாத்துன்னா எங்கேயாவது குளிக்கும். நீ கண்ணை மூடிக்கோ."

"தரையில எப்படிம்மா குளிக்கும்?"

ஹில்லா போர்வையைச் சரிசெய்ய நீட்டிய கையை நிறுத்தினாள். மெல்ல எழுந்து படத்தின் அருகே போனாள்.

போன கோடை. அந்தக் கோடையை யார் மறப்பார்கள்? மழையே இல்லை. புல் கருகிப்போய் மிதித்தால் நொறுங்கியது. கில்லிஸ் அதை அப்படியே வரைந்திருந்தான். புல்வெளி முழுக்க ரொட்டி மேல்தோல் நிறம். ஆனால் அந்தக் காய்ந்த நிறத்துக்கு நடுவில், கரையின் காலடியில், ஓர் ஆள் படுத்தால் கொள்ளும் அளவுக்கு ஒரு பச்சை. பச்சைக்கு நடுவில் ஒரு மினுக்கு. அந்த மினுக்கில்தான் வாத்துகள் இறக்கையைச் சிலிர்த்துக்கொண்டு நின்றன.

தண்ணீர்.

ஊரே வறண்டு கிடக்கும்போது, கரைக்கு உள்பக்கம், கரையின் காலடியில், தண்ணீர். வானம் தரவில்லை. கிணறும் இல்லை. கரைக்கு அந்தப் பக்கம் இருப்பது ஒன்றே ஒன்று. புல்வெளியைவிட உயரத்தில் எப்போதும் நிறைந்து ஓடுகிற ஆறு. அது கரைக்கு அடியில் வழி தேடிக்கொண்டிருக்கிறது.

மாதக்கணக்காக அவள் பயந்தது இதற்குத்தான். ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்த உடம்பு அதைப் பார்த்த அன்றே நடுங்கியிருக்கிறது. புத்திக்கு எட்ட இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

கோடையில் வாத்து குளிக்கிற அளவு ஒழுகினால், இன்றைக்கு? ஆறு கரையின் உச்சியைத் தொட்டுக்கொண்டு நிற்கிற இன்றைக்கு?

அவள் பின்கதவைத் திறந்தாள். கொல்லை முழுவதும் பனிமூட்டம். மாட்டுக் கொட்டகை ஒரு நிழல் மாதிரி நின்றது. அதற்குப் பின்னால் கரை இருக்க வேண்டும், தெரியவில்லை. சளக், சளக் என்று மண்வெட்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

"என்னங்க!"

"உள்ளே போ! கொழந்தை கிட்ட இரு!" குரல் மூட்டத்துக்குள்ளிருந்து வந்தது.

"கரை ஒழுகுதுங்க! ஆலைக்குக் கீழே! கில்லிஸ் படத்துல இருக்கு, நான் இப்பதான் பார்த்தேன்!"

மண்வெட்டிச் சத்தம் நின்றது.

"படத்தைப் பாத்து யாராவது கரை கட்டுவாங்களா? உள்ளே போடி!"

அவன் அவளை 'டி' போட்டுக் கூப்பிட்டதே இல்லை.

"நான் ஓடிப்போய்ச் சொல்லிட்டு வந்துடறேன். பார்ச்சேவைப் பாத்துக்குங்க!"

"ஹில்லா! போகாதே! ஹில்லா!"

அவள் போய்விட்டாள். ஆலை ரொம்பத் தூரம் இல்லை, கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். கரைமேல் ஏறினாள். ஏறியதும் கால் தானாக நின்றது. வழக்கமாகக் கரைமேல் நின்றால் ஆறு கீழே எங்கேயோ கிடக்கும். இன்று அது அவள் செருப்புக்குப் பக்கத்தில் இருந்தது. சாம்பல் நிறத் தண்ணீர், சத்தமே இல்லாமல். அதன்மேல் வீட்டுக் கூரை அளவு பனிப்பாளங்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு முனகின. வானமும் ஆறும் ஒரே நிறம். காற்று இல்லை. அடிவானம் இல்லை. படத்துக்குள் வந்து விழுந்துவிட்டோமோ என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. ஓடினாள்.

ஆலைக்குக் கீழே ஊர் ஆண்கள் வைக்கோலும் நாணல் பாயும் களிமண்ணும் சுமந்துகொண்டிருந்தார்கள். கரைத் தலைவர் ரூலோஃப் தடியோடு நடுவில் நின்றார். கில்லிஸும் ஒரு கூடையைத் தோளில் வைத்துக்கொண்டு வரிசையில் இருந்தான்.

"தலைவரே! இங்கேதான், இங்கேதான் கரை ஒழுகுது!"

அவள் மூச்சிரைக்கச் சொன்னதைக் கேட்டதும் இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். பயத்தில் வருகிற சிரிப்பு.

"படத்துல ஓட்டையா? கில்லிஸ் கடை பீர்லதான் தண்ணி கலந்து ஒழுகும்னு நெனச்சேன். கரையிலயுமா?"

"டேய், வாயை மூடு" என்றார் ரூலோஃப். "கோடையில பச்சைன்னா சொல்றே? வாத்து குளிச்சுதா? எந்த எடம்? காட்டு."

அவள் காட்டினாள். பனியை ஒதுக்கினார்கள். ஒருவன் மண்வெட்டியை ஓங்கிப் போட்டான். டங்கென்று திரும்பி வந்தது. பக்கத்தில் போட்டான். அங்கேயும் டங்.

ரூலோஃப் மண்டியிட்டுக் கையுறையைக் கழற்றித் தரையைத் தடவினார். "கல்லு மாதிரி உறைஞ்சு கெடக்கும்மா. கீழே தண்ணி ஊறுற எடம் உறையாது. அது மேல பனி கூட நிக்காது, விழ விழக் கரைஞ்சிடும். இந்தக் குளிர்காலத்துல அப்படி ஒரு எடம் உன் கண்ணுல பட்டுதா? அதைச் சொல்லு."

பனி நிற்காத இடம்.

ஹில்லாவுக்குக் காதுக்குள் மணி அடிப்பது நின்றுபோனது. அவர்கள் வீட்டு மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால், கரையின் காலடியில் எருக்குவியல். இந்தக் குளிர்காலம் முழுக்க அதைச் சுற்றிப் பனியே நிற்கவில்லை. அவள் கேட்டதற்கு, "எரு சூடு, அதான்" என்றான் வோல்கெர்ட். எப்போதும் வேலி ஓரம் இருந்த எருக்குவியலை அவன் இலையுதிர் காலத்தில்தான் அங்கே மாற்றிப் போட்டான். வசதியாக இருக்கும் என்றான்.

அவள் கில்லிஸைப் பார்த்தாள். அவன் கூடையைக் கீழே வைத்திருந்தான். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. அவள் கண்ணைப் பார்க்காமல், தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"தாயி, படத்துல எடம் மாறியிருக்கு. நான் அன்னிக்கு வரைஞ்சது உங்க கொல்லையை. வீட்டுக்கு ஓடு. மொதல்ல கொழந்தையை வெளிய எடு."

அவள் எப்படி ஓடினாள் என்று அவளுக்கே நினைவில்லை. ஒரு செருப்பு கரைமேலேயே கழன்றுவிட்டது. பின்னால் ஊரே ஓடி வந்தது. கரையிலிருந்து கொல்லைக்குச் சறுக்கி இறங்கியபோது அவள் பாதத்தில் பட்டது புல் இல்லை, தண்ணீர்.

எருக்குவியல் கலைந்து கிடந்தது. அது இருந்த இடத்தில் பூமி கொதித்துக்கொண்டிருந்தது. கஞ்சிப் பானை பொங்குவது போலப் பழுப்புத் தண்ணீர் குபுகுபுவென்று மேலே வந்தது. அதன் நடுவில் இடுப்பு ஆழத்தில் வோல்கெர்ட். கொட்டகைக் கதவைப் பிடுங்கிக் குழியின் மேல் போட்டு, அதன்மேல் தன் உடம்பைப் போட்டு அழுத்திக்கொண்டிருந்தான். உதடு நீலமாகியிருந்தது.

"பழுப்பா வருது!" என்று ரூலோஃப் அலறினார். "கரையோட வயித்து மண்ணை அள்ளிக்கிட்டு வருது! டேய் வோல்கெர்ட், எழுந்திரு! அமுக்காதே! இங்கே அடைச்சா பக்கத்துல பிச்சுக்கும்! சுத்தி மேடு கட்டுங்கடா! கிணத்துச் சுவர் மாதிரி! உள்ளே தண்ணி நெறையட்டும், அதோட கனமே அதை அடக்கும்!"

ஹில்லா அங்கே நிற்கவில்லை. பின்கதவைத் தள்ளினாள். தள்ள முடியவில்லை. தோளால் இடித்தாள். உள்ளே அடுப்பு புஸ்ஸென்று கடைசிப் புகையை விட்டுக்கொண்டிருந்தது. தரை ஓடுகள் தெரியவில்லை. பித்தளைச் சட்டி மிதந்து வந்து அவள் காலில் முட்டியது. தண்ணீர் படுக்கை அலமாரியின் கீழ்ப்பலகையை நக்கிக்கொண்டிருந்தது.

"பார்ச்சே!"

தண்ணீரை விலக்கிக்கொண்டு அலமாரியை நோக்கிப் போனாள்.

"பார்ச்சே! அம்மா வந்துட்டேன்!"

அலமாரியின் இருட்டுக்குள், மூலையோடு மூலையாக, போர்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒரு சின்ன உருண்டை. அதற்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது. "அம்மா, படத்துலேருந்து தண்ணி வழியுது."

போர்வையோடு அள்ளினாள். வெளியே கரைமேட்டில் ஃபெம்மே நின்றிருந்தாள். பிள்ளைகளைக் கோயிலில் விட்டுவிட்டு எப்போது வந்தாளோ, ஒரு வார்த்தை கேட்காமல் குழந்தையை வாங்கித் தன் மேலங்கிக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.

"நெஞ்சோட நெஞ்சா இருக்கட்டும். என் உடம்புல இருக்கிற கொழுப்புக்கு எந்தக் குளிரும் கிட்ட வராது. நீங்க போங்கக்கா."

ஹில்லா போனாள். ஆண்களுக்கு நடுவில் நின்று களிமண் கட்டிகளை வாங்கி வாங்கிக் கொடுத்தாள். வைக்கோல், எரு, நாணல் பாய், கொட்டகைக் கதவு, ஃபெம்மேயின் படுக்கை மெத்தை, கில்லிஸ் கடையின் மேஜைப் பலகைகள், கையில் கிடைத்ததெல்லாம் வளையமாக ஏறியது. வளையத்துக்குள் தண்ணீர் ஏற ஏற, அதைவிட ஒரு சாண் உயரமாக மேடும் ஏறியது. எல்லோர் கண்ணும் தண்ணீரின் நிறத்தின் மேலேயே இருந்தது. பழுப்பு. பழுப்பு. இன்னும் பழுப்பு. தலைக்கு மேலே கரை, கரைக்கு அந்தப் பக்கம் ஆறு நிற்கிறது என்ற நினைப்பில் ஒவ்வொருவர் முதுகும் கூசியது.

ரூலோஃப் குனிந்து உள்ளங்கையில் கொஞ்சம் அள்ளினார். பார்த்தார். கொட்டினார். மறுபடி அள்ளினார்.

"தெளியுது" என்றார்.

நம்ப யாருக்கும் தைரியம் வரவில்லை. அந்த நேரத்தில்தான் கீழ் வளைவில் மறுபடி அந்தச் சத்தம். டமார்! அதன் பின்னாலேயே ஆயிரம் வண்டிகள் கல் பாதையில் ஓடுகிற மாதிரி ஓர் இரைச்சல். அடைப்பு உடைந்து பனி கடலை நோக்கிப் புறப்பட்டுவிட்டது. கரைமேலிருந்து ஒருவன் கத்தினான். "எறங்குது! தண்ணி எறங்குது!"

வோல்கெர்ட் முழங்காலில் சரிந்தான். இரண்டு பேர் அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மதியம் தாண்டியபோது ஹில்லாவின் வீட்டில் தண்ணீர் வடிந்து சேறு மட்டும் இருந்தது. அடுப்பை மறுபடி மூட்டியிருந்தார்கள். கில்லிஸ் கடையிலிருந்து ஒரு பீப்பாய் வந்தது. பீரைச் சுடவைத்து ஆளுக்கு ஒரு குவளை குடித்தார்கள். பார்ச்சே ஃபெம்மேயின் மடியில் வியர்த்துப்போய்த் தூங்கினாள். காய்ச்சல் விட்டிருந்தது.

"இப்போ தரையைப் பாருங்க கண்காணி ஐயா" என்றாள் ஃபெம்மே. "என் புள்ளைங்க வந்திருந்தா இவ்வளவு அழுக்கு பண்ணியிருக்குமா?"

எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். வோல்கெர்ட் மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு கம்பளிக்குள் சுருண்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ரூலோஃப் எழுந்து அவன் தோளில் கை வைத்தார். "எல்லாரும் கேட்டுக்குங்க. இவன் தனி ஆளா நின்னு அதைப் பிடிச்சிருக்கான். உடம்பையே மூடி போட்டு அடைச்சிருக்கான். அடைக்கக் கூடாதுதான், ஆனா அந்த நேரத்துல யாருக்கு என்ன தோணும்? இவன் இல்லன்னா இன்னிக்கு இந்த ஊர் இல்ல."

"தலைவரே..." என்று வோல்கெர்ட் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"தெரியும்டா நீ என்ன கேக்கப்போறேன்னு. மண்வெட்டி நட வேண்டிய அவசியம் இல்ல. தன் பங்குல கோளாறு இருக்குன்னு தெரிஞ்சும் சொல்லாம மறைக்கிறவனுக்குத்தான் அந்தச் சட்டம். பூமிக்கடியில, யார் கண்ணுக்கும் தெரியாம நடந்ததுக்கு யார் என்ன பண்ண முடியும்? உன் பங்கை ஊரே சேர்ந்து கட்டிக் கொடுக்கும். என்னப்பா, சரிதானே?"

"சரி!" என்று குவளைகள் உயர்ந்தன.

வோல்கெர்ட் முகத்தைக் கம்பளியில் புதைத்துக்கொண்டு அழுதான். களைப்பு, பாவம், என்றார்கள். ஹில்லா அவன் காலடியில் உட்கார்ந்து காய்ந்த காலுறையை மாட்டிவிட்டாள். அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். காலையில் அவன் போட்ட கூச்சலெல்லாம் இப்போது அவளுக்குப் புரிந்தது போல இருந்தது. அப்போதுதான் ஒழுக்கைப் பார்த்திருக்கிறான், அவளைப் பயமுறுத்தக் கூடாது என்று நினைத்திருக்கிறான், அவ்வளவுதான். எருக்குவியலை எந்த வசதிக்காக மாற்றினானோ, நல்லவேளை, அந்த நேரத்தில் அங்கே நின்றான்.

எழுந்து திரும்பினால், கில்லிஸ். எல்லோரும் அடுப்பைச் சுற்றி இருக்க, அவன் மட்டும் எதிர்ச்சுவர் பக்கம் தன் படத்துக்கு முன்னால் தனியாக நின்றான். குவளையில் ஒரு வாய் கூடக் குடித்திருக்கவில்லை. படம் நனையவே இல்லை. அதே வானம், அதே அசையாத ஆறு, அதே வாத்துகள்.

ஹில்லா அவன் பக்கத்தில் போய் நின்றாள். உயிர் திரும்பி வந்த பிறகுதான் கோபம் வரும் என்பார்களே, அந்தக் கோபம் வந்தது. குழந்தை எழுந்துவிடக் கூடாது என்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கோபுரத்தை நகர்த்தறீங்க, ஆத்தைத் திருப்பறீங்க, அது உங்க தொழிலு. ஆனா ஒழுகற கரைக்கு முன்னாடி இருந்த என் வீட்டை எடுத்துட்டு, எங்கேயோ இருந்த ஆலையைக் கொண்டாந்து வெச்சிருக்கீங்களே! எங்க வீடு அப்படியே இருந்திருந்தா நான் பார்த்த அன்னிக்கே கண்டுபிடிச்சிருப்பேன். என் புள்ள இன்னிக்குத் தண்ணிக்குள்ள கெடந்திருக்க மாட்டா. படம் அழகா இருக்கணும்னு இப்படியா பண்ணுவீங்க?"

கில்லிஸ் அடுப்போரம் கம்பளிக்குள் குனிந்திருந்த தலையைப் பார்த்தான். ஃபெம்மேயின் மடியில் தூங்குகிற குழந்தையைப் பார்த்தான். குவளையை ஜன்னல் விளிம்பில் வைத்தான்.

"ஆலையை நானா வைக்கல, தாயி. மொதல்ல அங்கே உங்க வீடுதான் இருந்துச்சு. சந்தைக்கு எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி வந்து, வீட்டை அழிச்சிட்டு ஆலையை வரைஞ்சு கொடு, படத்தை நானே வாங்கிக்கிறேன், யார்கிட்டயும் சொல்லாதேன்னு கெஞ்சினவரு உங்க வீட்டுக்காரர்தான்."